பதினேழாம் நம்பரின் கை

செல்லங்களே என்று அன்பாக ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

ஏரி மைதானத்தில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் உங்களில் ஒருத்தி, பந்து தன் மேல் படாமலேயே கையைத் தூக்கினாள். கோலாகப் போக வேண்டிய பந்து ஒற்றைப் பாயிண்டாகப் போனது. அவள் பக்கம் ஜெயித்தது, எல்லாரும் குதித்தீர்கள். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அங்கேயே வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். என் கத்தல் எப்படிப்பட்டது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அதனால் வீட்டுக்கு வந்து மூன்று நாள் கோபத்தை ஆறவிட்டு, இந்த வருடம் அணியில் சேர்ந்த உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என்னை உங்களில் பாதிப் பேருக்கு கூடுவாஞ்சேரி ஸ்கூல் பி.டி. டீச்சர் கலாக்காவாகத்தான் தெரியும். ஆஸ்திரேலிய ஃபுட்பாலை, நாம் ஃபூட்டி என்று சொல்வதை, பதினோரு வருடம் ஆடியவள் நான். 'சிறந்த, நேர்மையான ஆட்டக்காரி' விருதை மூன்று முறை வாங்கினேன். மூன்று கோப்பையும் டிவிக்கு மேலே இருக்கின்றன. விருந்தாளி யார் வந்தாலும் டீ கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டிவிடுவேன். அடக்கமெல்லாம் எனக்கு வராது.

இந்தத் தாள் உங்கள் வீட்டில் யார் கைக்காவது போனால் அவர்களுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைதானத்தின் இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் இருக்கும். நம் ஊரில் அவை சவுக்குக் கழிகள். நடுவில் உள்ள இரண்டு கழிகளுக்கு இடையே, உதைத்த பந்து யார் மேலும் படாமல் போனால் கோல். அதற்கு ஆறு பாயிண்ட். வழியில் யாருடைய விரலாவது பட்டுவிட்டால், அது சொந்த அணிக்காரியின் விரலாகவே இருந்தாலும், ஒரே ஒரு பாயிண்ட்தான். அதைப் பார்த்துச் சொல்ல வெள்ளை கோட்டும் இரண்டு கொடியுமாக ஒரு கோல் நடுவர் கம்பத்தடியில் நிற்பார். புழுதியில் அவருக்கும் எல்லாம் தெரிந்துவிடாது. அதனால் பந்து பட்டவள் கையைத் தூக்கிக் காட்டுவாள். படாதவளும் தூக்குவாள், தூக்கிப் பார்த்தால் என்ன நஷ்டம் என்று. என்ன நஷ்டம் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் முதலில் கபடிக்காரி. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் அணியில் இடது மூலை என்னுடையது. பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தேன் என்றால் அவள் வீடு திரும்ப மாட்டாள் என்று மைக்கில் சொல்வார்கள். அந்தக் கையை நம்பித்தான் எங்கள் கோச் என்னை ஃபூட்டிக்குக் கூட்டி வந்தார். அவர் பெயரை எழுதினால் திட்டுவார், அதனால் கோச் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகாபலிபுரத்தில் கல் செதுக்கக் கற்றுக்கொள்ள வந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பந்து ஒன்றும், செல்போனில் பார்த்த வீடியோக்களும்தான் அவருக்கு இருந்த மூலதனம். பந்தைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பப்பாளிக்காய் மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது.

முதல் போட்டியிலேயே மானத்தை வாங்கினேன். இந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவளைத் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே மட்டும்தான் பிடிக்கலாம். சட்டம் எனக்குத் தெரியும், என் கைக்குத் தெரியாது. எதிரணிப் பெண் ஓடி வந்தாள், என் கை தன்னாலே அவள் கணுக்காலுக்குப் போனது. விசில். மறுபடியும் போனது, மறுபடியும் விசில். மூன்றாம் முறை அந்தப் பெண் முகவாய் தரையில் அடிபட விழுந்து, நான்கு தையல் போட்டார்கள். எனக்கு அடுத்த ஆட்டத்துக்குத் தடை. தடை வாங்கியவளுக்கு அந்தப் போட்டியில் விருது கிடையாது, எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி. நான் நன்றாகத்தான் ஆடியிருந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் கையை மாற்றியது ரோஸ்லின். புதுப்பட்டினத்துக்காரி, என் வயதுதான். அவள் அப்பா பெயிண்டர் வேலைக்குப் போகிறவர். எங்கள் அணியில் கோல் அடிக்கிற கால் அவளுடையது. ஒரு சிவப்புத் துணியை முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு, தினமும் சாயங்காலம் வற்றிக் கிடந்த ஏரிக்குள் என்னை நோக்கி ஓடி வருவாள். துணிக்குக் கீழே என் கை போனால் நான் கரையை ஒரு சுற்று ஓட வேண்டும். மூன்று மாதம் இப்படி நடந்தது. நூறு தடவை விழுந்தாள். முட்டி இரண்டும் பொருக்குத் தட்டிப் போனது. ஒரு நாளாவது போதும் என்று சொன்னதில்லை. 'வுடு, தோல் தானா வளரும். நீ புடி' என்பாள். என் முதல் கோப்பையில் பாதி அவள் முட்டியில் இருந்து வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு வருடம் கழித்து மாநிலங்களுக்கு இடையிலான போட்டி படூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே வங்காளத்துப் பெண்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற இந்திய அணியை அன்று சாயங்காலமே அறிவிப்பதாக இருந்தார்கள். முன்வரிசையில் ஒரே ஓர் இடம்தான் மீதி இருந்தது, போட்டியில் அதிக கோல் அடித்தவளுக்கு அது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ரோஸ்லினும் ஒரு வங்காளப் பெண்ணும் சரிசமமாக இருந்தார்கள். முந்தைய போட்டிகளில் கோல் அதிகம் என்பதால், சமமாக முடிந்தால் அந்தப் பெண்தான் போவாள். ரோஸ்லினுக்கு இன்னும் ஒரு கோல் வேண்டும். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். போலீஸ் விசாரணைக்கு வந்த அன்று தெருவே கூடி நின்று, இந்தப் பெண் இன்னா பண்ணிச்சு என்று கேட்டதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கடைசி நிமிடம். நாங்கள் நான்கு பாயிண்ட் பின்தங்கி இருந்தோம். பந்து ரோஸ்லின் கையில். நான் கம்பத்தடியில் அவர்கள் தடுப்பாட்டக்காரியை முதுகால் தள்ளிக்கொண்டு நின்றேன். ரோஸ்லின் உதைத்தாள். பந்து சுழன்று, தாழ்வாக, அழகாக வந்தது. வழிவிட்டு விலகத்தான் குதித்தேன். ஆனால் என் மோதிர விரலின் நுனியில் ஏதோ உரசியது. அவ்வளவுதான், ஒரு நூல் உரசல். பந்து நடுக் கம்பங்களுக்கு இடையே போய் விழுந்தது. வெள்ளை கோட் போட்டிருந்த கோல் நடுவர், சின்ன வயசு ஆள், கோலுக்கு இரண்டு விரலையும் நீட்டத் தொடங்கிவிட்டார்.

என் கை மேலே போனது.

இந்த இடத்தில்தான் எல்லாரும் என்னைத் தப்பாகப் புகழ்கிறார்கள். பரிசு கொடுத்தபோது மைக்கில் ஒருவர், நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசினார். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், நான் யோசித்துத் தூக்கவில்லை. எங்கள் ஊர்க் கபடியில் நடுவர் என்று ஒருவர் பேருக்குத்தான் இருப்பார். தொட்டது பட்டவளுக்குத்தான் தெரியும். பட்டால் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். எட்டு வயதில் இருந்து அப்படித் தூக்கித் தூக்கிப் பழகிய கை அது. கணுக்காலைப் பிடித்து என் மானத்தை வாங்கிய அதே கைதான்.

நடுவர் என்னிடம் ஓடி வந்து தொட்டீர்களா என்று கேட்டார். யோசனை வந்தது அப்போதுதான். சந்தோஷத்தில் கையைத் தூக்கினேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ரோஸ்லின் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். தூக்கிய கை இன்னும் இறங்காமலே இருந்தது. அதைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு வாயால் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தொட்டேன் என்றேன்.

மூன்று பாயிண்டில் தோற்றோம். விருது எனக்கு வந்தது. இந்திய அணியிலும் என் பெயரைப் படித்தார்கள். முன்வரிசை இடத்துக்கு அந்த வங்காளப் பெண்ணின் பெயரைப் படித்தார்கள்.

ரோஸ்லின் ஷூவைக் கழற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன். நிமிராமலேயே சொன்னாள்.

"நீ கபடியே ஆடிகினு இருந்திருக்கலாம்டி. இங்க இன்னாத்துக்கு வந்த?"

கோச் சவுக்குக் கழியில் இருந்து கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவராவது தட்டிக்கொடுப்பார் என்று போய் நின்றேன். மனுஷன் கொடியை நான்காக மடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"நீ பண்ணது சரி. அதுக்காக அவ உன்ன மன்னிச்சே ஆவணும்னு எதிர்பாக்காத. அது அவ இஷ்டம்."

வயது ஆக ஆகத்தான் அந்தப் பேச்சின் அருமை எனக்குப் புரிந்தது. சரியானதைச் செய்தவளுக்கு உடனே கூலி வேண்டும் என்று தோன்றும். யாரோ ஒருத்தி அதற்கு விலை கொடுத்திருக்கிறாள் என்பது மறந்துபோகும். நான் மறந்துவிடக் கூடாது என்று அந்த மனுஷன் அங்கேயே சொல்லிவிட்டார்.

எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் ஆள் நான். என் தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அது. வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பதினேழாம் நம்பர் ஜெர்சியோடு இறங்கி, என்னைவிட ஒரு முழம் உயரமான பெண்களைத் துணிக்கு மேலேயே, அதாவது முழங்காலுக்கு மேலேயே, பிடித்துக் கவிழ்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொருத்தியைப் பிடிக்கும்போதும் ஒரு சிவப்புத் துணி கண்ணில் தெரிந்தது.

திரும்பி வந்ததும் அங்கே வாங்கிய புதுப் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். ரோஸ்லினின் அம்மா வாசலுக்கு வந்து, அது வூட்ல இல்லம்மா என்றார். ரோஸ்லினின் செருப்பு வாசலில்தான் கிடந்தது. பந்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, செங்கல்பட்டு வரும்வரை அழுதேன்.

ஒன்றரை வருடம் அவள் மைதானத்துப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், ஆடுவதற்கு அல்ல. லேப் டெக்னீஷியன் படித்த சித்தி மகளிடம் வாங்கிய வெள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு, கோல் நடுவராகப் பழக வந்திருந்தாள். அவளே கிட்டே வந்தாள்.

"அன்னைக்கு அந்த ஆளு ஒழுங்கா பாத்திருந்தா, நீ கைய தூக்குற வேலையே வந்திருக்காது. இனிமே நான் பாக்குறேன்."

அதோடு சரி. அடுத்த ஆறு வருடம் என் ஆட்டங்களுக்கெல்லாம் நின்றாள். கோலுக்கு இரண்டு விரல், ஒற்றைப் பாயிண்டுக்கு ஒரு விரல், இதைத் தவிர என்னிடம் வேறு பேச்சில்லை. நானும் கடைசித் தடுப்பாட்டக்காரியாக மாறி, எப்போதும் அவள் கம்பத்தடியிலேயே நின்றேன். எதிரணி உதைக்கும் ஒவ்வொரு பந்துக்கும் எங்கள் பெண்கள் கும்பலாகக் கையைத் தூக்குவார்கள். என் கை மட்டும் பட்டால்தான் ஏறும். சும்மா தூக்கினா இன்னாக்கா, காசா பணமா என்று சண்டைக்கு வருவார்கள். அந்தக் கையைத் தூக்கியதற்கு நான் ஒரு சிநேகிதியைக் கொடுத்திருக்கிறேன். சும்மா சும்மா தூக்க அது எனக்கு மலிவாகக் கிடைக்கவில்லை.

என் கடைசி ஆட்டம் மகாபலிபுரத்தை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் வங்காளம். கோல் நடுவர் எங்கள் பக்கத்துக்காரி என்று அவர்கள் ஆரம்பத்திலேயே முணுமுணுத்தார்கள். அது நியாயமான முணுமுணுப்புதான். ரோஸ்லினும் அதற்குக் காது கொடுத்ததுபோல, அன்று எங்கள் பெண்கள் தூக்கிய எந்தக் கையையும் கண்டுகொள்ளவில்லை. நான்கு முறை கும்பலாகத் தூக்கினார்கள். நான்கு முறையும் கோல் கொடுத்தாள்.

கடைசியில் நாங்கள் இரண்டே பாயிண்ட் முன்னால் இருந்தோம். அவர்கள் பெண் ஒருத்தி தூரத்தில் இருந்து உதைத்தாள். கடல் காற்று பந்தை என் பக்கமாகத் திருப்பியது. எகிறினேன். சுண்டு விரல் நகம் பந்தில் மடங்கியது, உயிர் போகும் வலி. பந்து நடுக் கம்பங்களைத் தாண்டியது. கையைத் தூக்கினேன். எங்கள் பெண்கள் எல்லாருமே தூக்கினார்கள்.

ரோஸ்லின் உடனே எந்த விரலையும் நீட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மைதான நடுவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, பந்து பட்டதைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றாள். சந்தேகம் இருந்தால் சின்ன பாயிண்ட் என்பதுதான் விதி. எதிரணி கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் இருந்து இவர்கள் தூக்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அப்போதெல்லாம் வராத சந்தேகம் இப்போது மட்டும் எப்படி வந்தது என்று இந்தியில் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ரோஸ்லின் என்னைக் கைகாட்டி மைதான நடுவரிடம் சொன்னாள்.

"அப்பல்லாம் தூக்குனது அவங்க சார். இப்ப தூக்குனது இவ."

அந்தக் கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். படூர் ஆட்டத்தில் ஆடியவள் அவள். அன்று என் விரல் தன் அணிக்குக் கோப்பையைக் கொடுத்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். ரோஸ்லின் ஒரு விரலை நீட்டி, ஒரு கொடியை வீசினாள். ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

டிவிக்கு மேலே இருக்கிற மூன்று கோப்பையைவிட அந்த ஒற்றை விரல் எனக்குப் பெரிசு. அத்தனை கைகளுக்கு நடுவே என் கையை ஒருத்தி தனியாகப் பிரித்துப் பார்த்தாள். அதுவும் அந்தக் கையால் நஷ்டப்பட்டவளே பார்த்தாள்.

ஆட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுதா என்று கேட்டாள். சுண்டு விரலைக் காட்டினேன். நகம் கறுத்து ரத்தம் கட்டியிருந்தது. பார்த்துவிட்டு ம் என்றாள். டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு படூர்ல எந்த வெரலு?"

மோதிர விரலை நீட்டினேன். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரலைப் பிடித்து முறுக்கினாள் பாருங்கள், கடைக்காரர் என்னம்மா என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு அலறிவிட்டேன். அவள் விடவில்லை. முறுக்கிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், எனக்கு வலியும் சேர்த்து. பிறகு விரலை விட்டுவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னாள். அந்தப் பாஸ்போர்ட் முத்திரையே விழாமல் பெட்டியில் கிடந்து செல்லரித்துப் போனதாம். புதுசு எடுத்துவிட்டேன், நடுவர்களையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் தெரியுமா என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று கம்பத்தடியில் வெள்ளை கோட்டோடு நின்றது ரோஸ்லின்தான், நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது அவளிடம் கேட்டேன், புழுதியில் ஒன்றும் தெரியவில்லையே, எதை வைத்து ஒற்றைப் பாயிண்ட் கொடுத்தாய் என்று. கையைத் தூக்கியவள் பதினேழாம் நம்பர் ஜெர்சி போட்டிருந்தாள், அதனால் சந்தேகப்பட்டேன் என்றாள். என் ஜெர்சி அது. போன மாதம் உங்கள் எல்லார் முன்னாலும் நானே அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட்டேன்.

ரோஸ்லினிடம் நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் இல்லை.

பதினேழு, ஜெர்சியைத் திருப்பிக் கேட்கப் போகிறேன் என்று பயப்படாதே. கேட்க மாட்டேன். அதில் உன்னைப் பார்த்து அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு வா. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நேரே கம்பத்தடிக்குப் போய், பந்து என் மேல் படவில்லை என்று ரோஸ்லினிடம் நீயே சொல். அவள் உன் விரலைப் பிடித்து முறுக்குவாள். வலிக்கும். கையை இழுத்துக்கொள்ளாதே.